கத்திரி வெயிலில் ஒரு ஹீட்டர்

தம்பிகளா, அந்தக் கம்ப்ரசரைக் கொஞ்சம் நிப்பாட்டிட்டு வாங்க. ஸ்கேனரைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிற தங்கச்சி, நீயும் வாம்மா. நான் வேலைய விட்டு நாலு வருசமாச்சு. வந்து ஏதாச்சும் சொல்லுங்கண்ணேன்னு கூப்பிடுறீக, வந்தா டீ வாங்கிக் குடுத்துட்டு கிளட்ச் பிளேட்டைப் பத்திக் கேக்குறீக. கிளட்ச் பிளேட்டு மாட்டுறதை இப்ப என்னைவிட நீங்க நல்லாச் செய்வீக. அதனால இன்னைக்கு நான் அசிங்கப்பட்ட கதை ஒன்னைச் சொல்லப் போறேன். நான் சிரிச்ச சிரிப்பால ஒரு மனுசன் மதுரையிலேருந்து கண்டனூர் வரைக்கும் நடுங்கிக்கிட்டே வந்தாரு. அந்தக் கதை.

கத்திரி வெயில் நேரம். கோவிலூர் ரோட்டுல நம்ம பழைய ஷெட்டு, மேல தகரம். வெளிய வச்ச ஸ்பானரைத் துணி சுத்தாமத் தொட முடியாது. ஒரு சனிக்கிழமை, பதினோரு மணி இருக்கும். ஒரு வெள்ளைக் காரு வந்து வாசல்ல நின்னுச்சு. எனக்குத் தெரிஞ்ச காருதான், கண்டனூர்ல ஒரு பெரிய வீட்டு வண்டி. அந்த வீட்டு ஐயாதான் எப்பவும் ஓட்டிட்டு வருவாக. ஷெட்டுக்குள்ள நுழையுறதுக்கு முன்னாடியே அவுக சிரிப்புச் சத்தம் கேட்டுரும். அன்னைக்கு ஸ்டியரிங்ல உக்காந்திருந்தது அவுக சம்சாரம். அறுபது வயசு இருக்கும், மூக்குத்தி, பருத்திச் சேலை, இறங்குற காலு பெடலைத் தேடித் தேடி இறங்குது.

"தம்பி, ஹீட்டர்ல சூடு வரமாட்டேங்குது. என்னன்னு பாத்துக் குடுங்க."

ஷெட்டுல ஆறு பேரு இருந்தோம். ஆறு பேரும் சிரிச்சோம். கத்திரி வெயில்ல காரைக்குடியில ஹீட்டர்! நான் ஹெட் மெக்கானிக்கு, நான் சும்மா இருக்கலாமா? "கண்ணாடிய இறக்கி விடுங்க ஆச்சி, ஊரே ஹீட்டர்தான்"னு ஒரு நக்கல் வேற விட்டேன். பின்னாடி ஒருத்தன் கை தட்டினான்.

ஆச்சி கோபப்படல. நாங்க அடங்குற வரைக்கும் பொறுமையா நின்னாக. "சிரிச்சு முடிச்சாச்சா தம்பி? முடிச்சுட்டீகன்னா பாருங்க"ன்னாக.

எனக்குச் சுருக்குன்னுச்சு. உள்ள உக்காந்து குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்பி, புளோயரைப் போட்டு, கையை வச்சேன். அனலா வருது. "ஆச்சி, நல்லாத்தான சுடுது! இதுக்கு மேல வேணும்னா அடுப்புலதான் கை வைக்கணும்"னேன். அவுக கையை வச்சுப் பாத்தாக. நம்பவும் முடியல, மெக்கானிக்கு சொல்றானேன்னு மறுக்கவும் முடியல. "அன்னைக்கு வரலையே தம்பி"ன்னாக. "ஒன்னும் பிரச்சினை இல்ல, தைரியமாப் போயிட்டு வாங்க"ன்னு அனுப்பி வச்சேன். பானட்டைத் திறக்கக்கூட இல்ல.

என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குப் புரியுதா? அது ஹீட்டர் குடுத்த சூடே இல்ல. வெளியில இருந்த அனலு உள்ள வந்துச்சு, அவ்வளவுதான். ஊட்டிக்காரனுக்கு இந்தத் தப்பு வராது, அங்க காத்து சில்லுன்னு வந்தா சில்லுன்னுதான் இருக்கும். நம்ம ஊரு மெக்கானிக்குக்கு மட்டும்தான் வரும். குமிழை நீலத்துக்குத் திருப்பி ஒரு தடவை, சிவப்புக்குத் திருப்பி ஒரு தடவை, ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கான்னு பாத்திருந்தா அரை நிமிசத்துல தெரிஞ்சிருக்கும். முப்பது வருசம் வேலை பாத்த கையி பொய் சொல்லாதுன்னு நெனச்சேன், அன்னைக்கு அது கூசாமப் பொய் சொல்லிருச்சு.

செவ்வாக்கிழமை காலையில ஆச்சி திரும்ப வந்தாக. இந்தத் தடவை வண்டிய விட்டு இறங்கல. நான் பக்கத்துல போனேன்.

"தம்பி, நீங்க நல்லா இருக்குன்னு சொன்னீக. நான் நம்பிட்டேன். நேத்து மதுரையிலேருந்து வாரோம், மேலூர் தாண்டுறப்ப கோடை மழை புடிச்சுக்கிருச்சு. அவுக நடுங்குறாக. நான் உங்க பேச்சைக் கேட்டு அவுக மேல அந்தக் காத்தைத் திருப்பி விட்டேன். ஐஸ் மாதிரி அடிச்சுச்சு."

சத்தம் போடல. திட்டல. சொல்லி முடிச்சுட்டு ஸ்டியரிங்கையே பாத்துக்கிட்டு இருந்தாக. நாலு வார்த்தை திட்டியிருந்தாக்கூடத் தேவலைன்னு இருந்துச்சு எனக்கு.

அப்பத்தான் விசயமே தெரிஞ்சுது. ஐயாவுக்கு ரெண்டு கிட்னியும் போயிருச்சு. திங்களும் வியாழனும் மதுரையில டயாலிசிஸ். உடம்பு ரத்தம் பூரா ஒரு குழாய் வழியா வெளிய வந்து, மிசின்ல சுத்தமாகி, இன்னொரு குழாய் வழியா உள்ள போகுது. நாலு மணி நேரம். போற வழியில சூட்டை விட்டுட்டுப் போயிரும் போல. முடிச்சு எந்திரிச்சா எலும்புக்குள்ள குளுருதுங்கிறாகளாம். வெளியில தார் உருகுற வெயிலு அடிக்கும், உள்ள அவுக பல்லு தந்தியடிக்கும். கண்ணாடிய ஏத்திட்டு ஏசி இல்லாம மதுரையிலேருந்து எவன் ஓட்டுவான்? ரெண்டு டிரைவர் நின்னுட்டாக. பிள்ளைக வெளிநாட்டுல.

"அதான் நானே கத்துக்கிட்டேன்"ன்னாக ஆச்சி.

"எப்ப ஆச்சி?"

"தை மாசம்."

அப்ப நாலே மாசம்! நாலு மாசம் முந்திக் காருக்குள்ள முன்சீட்டுல உக்காந்தே பழகாதவுக, வாரத்துக்கு ரெண்டு தடவை மதுரைக்குப் போயி, பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவுல பூந்து, நடுங்குற மனுசனைக் கூட்டிட்டு வாராக. யப்பா! நான் வாயைத் திறக்காம பானட்டைத் திறந்தேன்.

ஹீட்டர்னா உங்களுக்குத் தெரிஞ்சதுதான். அதுக்குன்னு தனியா நெருப்பு கிடையாது. இஞ்சினைச் சுத்தி வர்ற சுடுதண்ணி ஒரு ரப்பர் ஓஸ் வழியா வெளிய வந்து, டேஷ்போர்டுக்குப் பின்னாடி இருக்கிற குட்டி ரேடியேட்டருக்குள்ள போயி, சூட்டை நமக்குக் குடுத்துட்டு, இன்னொரு ஓஸ் வழியா இஞ்சினுக்கே திரும்பிப் போகுது. இதை ஆயிரம் தடவை பாத்திருக்கேன். அன்னைக்கு ஆச்சி சொன்னதைக் கேட்டுட்டு அந்த ரெண்டு குழாயையும் தேடுறப்பத்தான் மண்டையில உறைச்சுது. அந்த மனுசன் ஒடம்புலயும் ரெண்டு குழாய். ஒன்னுல வெளிய, ஒன்னுல உள்ள. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு தம்பிகளா, மறைக்காமச் சொல்றேன்.

ஆனா அந்தக் காருல அந்த ரெண்டு ஓஸும் இருக்க வேண்டிய இடத்துல இல்ல. இஞ்சினுக்கும் உக்கார்ற இடத்துக்கும் நடுவுல இருக்கிற தகட்டுல, ரெண்டு குழாய் முனையும் ரப்பர் மூடி போட்டுக் காஞ்சு கெடக்கு. இஞ்சின்லேருந்து வர்ற ஓஸை யாரோ வளைச்சு இஞ்சினுக்கே திருப்பி மாட்டியிருக்கான். சுடுதண்ணி உள்ளயே போகல. அந்த ஓஸைப் புடிச்ச கிளிப்பு மேல ஒரு மஞ்சப் பெயிண்ட் பொட்டு.

அந்தப் பொட்டு வைக்கிறவன் இந்த வட்டாரத்துல ஒருத்தன்தான். கிளிப்பை முறுக்கி முடிச்சதும், முறுக்கியாச்சுன்னு தெரிய ஒரு பொட்டு வைப்பேன். நான்தான்.

மூணு வருசத்துக்கு முந்தி ஐயா அந்த வண்டியக் கொண்டாந்திருந்தாக. கால்மிதி நனையுதுன்னாக. பாத்தா அந்தக் குட்டி ரேடியேட்டர் ஒழுகுது. அதை மாத்தணும்னா டேஷ்போர்டு பூராவும் கழட்டணும். காரைக்குடியில ஹீட்டரு என்னத்துக்குன்னு ஓஸை வளைச்சு மாட்டி, பொட்டு வச்சு அனுப்பிட்டேன். கேக்கல. சொல்லல. ஜாப் கார்டுல "ஒழுகல் சரி செய்யப்பட்டது"ன்னு மட்டும் எழுதினேன். சிரிக்காதீக, நீங்களும் பண்ணுறீக. இப்ப உள்ள வர்றப்பக்கூட அந்த மூலையில நிக்கிற வண்டியில பாத்தேன்.

அந்தப் பொட்டை வேற யாரும் பாக்கல. பாத்திருந்தா அப்பவே மானம் போயிருக்கும். நான் பானட்டை மூடிட்டு, "ஒரு சாமான் மாத்தணும் ஆச்சி. வியாழக்கிழமைக்குள்ள தந்துருறேன்"னேன். அதுல பொய் இல்ல. உண்மையும் முழுசா இல்ல.

ஆச்சியப் பஸ் ஏத்தி விட்டுட்டுப் போனை எடுத்தேன். அந்தக் குட்டி ரேடியேட்டருக்குக் கடையில ஹீட்டர் காயில்னு பேரு. காரைக்குடியில கேட்டேன், மதுரையில கேட்டேன், திருச்சியில கேட்டேன். எல்லாரும் ஒரே மாதிரி. "ஹீட்டர் காயிலா?"ம்பாக, ஒரு சிரிப்பு, வச்சுருவாக. சனிக்கிழமை நான் சிரிச்ச சிரிப்பு ஊரெல்லாம் சுத்தி என் காதுக்கே திரும்பி வருது. எங்க ஆளு ஒருத்தன், நல்ல வேலைக்காரன், "அண்ணே, பழைய காயிலு உள்ளதான் கெடக்கு. ஒழுகல் அடைக்கிற பவுடரைக் கொட்டி ஓஸை மாட்டி விட்டுருவோம். வியாழக்கிழமைக்குத் தாங்கும்"ன்னான்.

தாங்கும்தான். தாங்கலைன்னா? நடு வழியில காயிலு பிச்சுக்கிட்டா தண்ணி பூரா எறங்கி இஞ்சின் கொதிச்சு நின்னுரும். நான் வழக்கமா "பாத்துக்கலாம் விடு"ன்னு சொல்ற ஆளுதான். ஆனா ரோட்டோரத்துல, எந்திரிச்சு நிக்கவே முடியாத மனுசனோட அந்த அம்மா நிக்கிறது கண்ணு முன்னாடி வந்துச்சு. பவுடர் டப்பாவை வாங்கி மேல பரண்ல போட்டேன்.

ஒரு லாரி டிரைவர் மூலமா ஊட்டியில ஒரு மெக்கானிக்கு நம்பர் கிடைச்சுது. அவரை இன்னைக்கு வரைக்கும் நான் நேர்ல பாத்தது கிடையாது. எங்கேருந்து பேசுறீங்கன்னாரு. காரைக்குடின்னேன். இந்த ஆளும் சிரிக்கப் போறாருன்னு காத்துக்கிட்டு இருந்தேன். சிரிக்கல.

"காரைக்குடிங்களா? அங்க யாருக்குங்க குளுருது?"ன்னு கேட்டாரு.

அதைத்தான் தம்பிகளா நான் சனிக்கிழமை கேட்டிருக்கணும். எங்க ஆறு பேருல ஒருத்தனும் கேக்கல. எங்கயோ மலை மேல இருக்கிற ஆளு, முகம் தெரியாத ஆளு, எடுத்த எடுப்புல அதைத்தான் கேட்டாரு. நான் விசயத்தைச் சொன்னேன். "வண்டி மாடலைச் சொல்லுங்க. எங்கிட்ட ஒன்னு இருக்குதுங்க. இன்னைக்கே பஸ்ல ஏத்தி விடுறேன்"னாரு. வைக்கிறதுக்கு முந்தி இன்னொன்னும் சொன்னாரு. "மாட்டுன உடனே சூடு வராதுங்க, பயந்துராதீங்க. உள்ள காத்து அடைச்சுக்கும். மூஞ்சி மேல பாத்த மாதிரி வண்டிய ஒரு மேட்டுல நிறுத்திக் காத்தை வெளியேத்துங்க."

"மேட்டுக்கு எங்கங்க போறது? எங்க ஊரு தோசைக்கல்லு மாதிரி இருக்கும்"னேன். அதுக்குத்தான் அவரு சிரிச்சாரு.

புதன்கிழமை காலையில பார்சல் வந்துருச்சு. டேஷ்போர்டைக் கழட்டி, காயிலை மாத்தி, திரும்ப எல்லாத்தையும் மாட்டுறப்ப சாயங்காலம் நாலு மணி. வண்டிய ஸ்டார்ட் பண்ணி, நீலம், சிவப்பு, நீலம், சிவப்பு. வித்தியாசமே இல்ல. அவரு முன்கூட்டியே சொல்லியிருந்தும் குமிழை இன்னும் நாலு தடவை திருப்பிப் பாத்தேன். விடிஞ்சா வியாழக்கிழமை.

பக்கத்துல ஊருணி இருக்கில்ல, அதோட கரைதான் எங்களுக்குக் கிடைச்ச மலை. இஞ்சின் ஆறினப்புறம் வண்டியக் கரை மேல ஏத்தி, மூஞ்சி வானத்தைப் பாக்க நிறுத்தி, பின் சக்கரத்துக்கு ரெண்டு கல்லு குடுத்தோம். தண்ணி எடுக்க வந்த பொம்பளைக எல்லாம் நின்னு வேடிக்கை. ரேடியேட்டர் மூடியத் திறந்து வச்சு ஸ்டார்ட் பண்ணினோம். கொஞ்ச நேரம் ஒன்னுமில்ல. அப்புறம் குபுக், குபுக்குன்னு காத்து வருது. கூலண்ட்டை ஊத்த ஊத்த உள்ள இழுக்குது. கடைசியா எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு காத்து முட்டை மேல வந்து வெடிச்சுது. நான் ஓடிப் போயி ரெண்டு ஓஸையும் தொட்டேன். ரெண்டும் சுட்டுச்சு. சிவப்புக்குத் திருப்பினேன், கை வைக்க முடியல. அவ்வளவு பெரிய இஞ்சினோட சூட்டை ஒரு எலுமிச்சம்பழம் காத்து மறிச்சு வச்சிருந்துச்சு பாத்தீகளா!

வியாழக்கிழமை நானும் கூடப் போறேன்னேன். வழியில ஏதாச்சும் ஆச்சுன்னா பாக்கணும்னு ஆச்சிக்கிட்ட சொன்னேன். நெசத்துல எனக்கு அந்த ஹீட்டர் வேலை செய்யிறதைக் கண்ணால பாக்கணும்.

மூணு மணிக்கு ஐயாவை ஆஸ்பத்திரியிலேருந்து சக்கர நாற்காலியில தள்ளிட்டு வந்தாக. நான் அடையாளம் தேடினேன். கம்பளித் தொப்பி, ரெண்டு சால்வை, அதுக்குள்ள குச்சியா ஒரு ஆளு. ஷெட்டு அதிரச் சிரிச்ச மனுசன் அவுகதான்னு நம்ப முடியல. முன்சீட்டுல உக்கார வச்சதும் பல்லு அடிக்கிற சத்தம் பின்சீட்டுல எனக்குக் கேக்குது. ஆச்சி கழுத்துல ஒரு துண்டைப் போட்டுக்கிட்டாக. நாலு கண்ணாடியையும் ஏத்தினாக. வண்டி சூடேறினதும் குமிழைச் சிவப்புக்குத் திருப்பினாக.

ஒரு பத்து நிமிசத்துல என் சட்டை பிழியிற மாதிரி ஆயிருச்சு. இருபது நிமிசத்துல கண்ணு இருட்டிக்கிட்டு வருது. வெளியில அக்னி, உள்ள அதுக்கு மேல அக்னி. ஆச்சியப் பாத்தேன். தாடையிலேருந்து வேர்வை சொட்டுச் சொட்டா மடியில விழுது. துண்டால கண்ணை மட்டும் துடைச்சுக்கிறாக. கை ஆடல. வேகம் கூடல, குறையல.

"ஒரு விரல் அளவு கண்ணாடிய இறக்கிக்கிறேனே ஆச்சி"ன்னேன்.

"அவுகளுக்குக் காத்துப் படும் தம்பி. நீங்க வேணா மேலூர்ல இறங்கிப் பஸ்ல வாரீகளா?"

நக்கலாச் சொல்லல. நெசமாவே எனக்காகத்தான் கேட்டாக. எத்தனையோ ரேஸு டிரைவரு, லாரி டிரைவரு பாத்திருக்கேன் தம்பிகளா. அந்த மாதிரி ஒரு டிரைவரை நான் பாத்ததில்ல.

மேலூர் தாண்டினதும் ஏதோ குறையுற மாதிரி இருந்துச்சு. என்னன்னு யோசிச்சா, பல்லுச் சத்தம் நின்னுருச்சு. சால்வைக்குள்ளேருந்து ஒரு கை மெதுவா வெளிய வந்துச்சு. ஹீட்டர் துவாரத்துக்கு முன்னாடி விரலை விரிச்சு வச்சுக்கிட்டாக. "வருது"ன்னாக ஐயா. ஆச்சி தலைய மட்டும் ஆட்டினாக. அப்புறம் ஐயா கண்ணை மூடிக்கிட்டாக.

திருப்பத்தூர் கிட்ட வர்றப்ப என்னால முடியல. சொல்லிட்டேன். "ஆச்சி, இந்த ஹீட்டர் தானாக் கெட்டுப் போகல. மூணு வருசத்துக்கு முந்தி நான்தான் குழாயை மாத்தி விட்டேன். யார்கிட்டயும் சொல்லல. சனிக்கிழமையும் பானட்டைத் திறந்து பாக்காம அனுப்பினேன்."

ஐயா தூங்கல போல. கண்ணைத் திறக்காமலே பேசினாக. "எனக்குக் குளுரும்னு எனக்கே தெரியாதே தம்பி. நீ என்ன பண்ணுவ?"

ஆச்சி ஒரு பஸ்ஸுக்கு வழி விட்டாக. கியரை மாத்தினாக. அப்புறம் சொன்னாக. "ஹீட்டர் இல்லைன்னு சனிக்கிழமையே சொல்லியிருந்தீகன்னா, திங்கக்கிழமை இன்னும் ரெண்டு கம்பளி எடுத்துட்டுப் போயிருப்பேன்."

அவ்வளவுதான் சொன்னாக. அன்னைக்கிலேருந்து நான் வேலைய விடுற நாள் வரைக்கும், எதை மாட்டினேன்னு எழுதுறதுக்கு முந்தி எதைக் கழட்டினேன்னு எழுதுவேன். வண்டிக்காரவுக கையில அதைக் குடுத்து, சத்தமா வாசிச்சும் காட்டுவேன்.

கண்டனூர் வந்து சேர்ந்தோம். ஐயா தானாவே எந்திரிச்சு, கதவைப் புடிச்சுக்கிட்டு நடந்தாக. ஆச்சி அவுகளை உள்ள விட்டுட்டு வாசலுக்கு வந்தாக. நான் அப்பத்தான் பின்கதவைத் திறந்து காலைக் கீழ வச்சேன். தெருவுல அஞ்சு மணி அனல் காத்து, மண்ணை வாரிக்கிட்டு வந்து என் மூஞ்சியில அடிச்சுச்சு. நனைஞ்ச சட்டையோட ஒடம்பு ஒரு தடவை சிலிர்த்துப் போச்சு. ரெண்டு கையையும் கட்டிக்கிட்டேன்.

ஆச்சி துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டே என்னையப் பாத்தாக. அவுக சிரிச்சு அன்னைக்குத்தான் பாத்தேன்.

"என்ன தம்பி, குளுருதா?"

"ஆமா ஆச்சி, குளுருது"ன்னேன்.